ரிஜிஸ்டரில் உட்காராத புள்ளி

சுவரொட்டியின் முன்னால் நின்று வலது கண்ணை மூடுகிறார் பொன்னுத்தங்கம். பிறகு இடது கண்ணை. யார் படம், எந்தக் கட்சி, என்றைக்குக் கூட்டம் என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. தலைவரின் காதோரம் சிவப்புக் கோடு ஒன்று பிசிறி நிற்கிறதா என்று பார்க்கிறார். நின்றால் உச்சுக்கொட்டுவார். "மெஜந்தா ஒரு புள்ளி தள்ளிருச்சு. மெஷினை ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கான் பாருங்க." அதற்குள் நாரணாபுரம் பஸ் கிளம்பிவிடும். அடுத்த பஸ் வரும்வரை பக்கத்துச் சுவரின் சோப்பு விளம்பரம் இருக்கிறது.

சிவகாசியில் சபரிநாதனின் ஆப்செட் அச்சகத்தில் பிலிம் சரிபார்ப்பது பொன்னுத்தங்கத்தின் வேலை. ஒரு வண்ணப் படத்துக்கு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிலிம்கள். நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் காலண்டர் முருகனுக்கு ஒரு மூக்கு. பிசகினால் இரண்டு. இந்த உட்காருதலுக்கு அச்சகத்தில் ரிஜிஸ்டர் என்று பெயர். அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசையின் மேல் பிலிம்களைப் பரப்பி, பட்டாசுத் திரி நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட லென்ஸை எடுத்துக் குனிந்தார் என்றால், பின்னால் யார் வந்து நின்றாலும் தெரியாது. விருதுநகரில் இயற்பியலில் முதுகலை முடித்தவர். வயது இருபத்தெட்டு. குரல் பெரியது. மெஷின் ஓடும்போதும் அவர் பேசுவது வாசல்வரை கேட்கும்.

இன்னொரு பழக்கம், ஊதுவது. எதைத் தொடும் முன்னும் ஒருமுறை ஊதிவிடுவார். நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு, அலைபேசி, பஸ் டிக்கெட். பேசிக்கொண்டிருப்பவரின் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தால் பேச்சை நிறுத்தி அதையும் ஊதுவார். பிலிம் பார்க்கிறவர்களுக்குத் தூசிதான் முதல் பகை. ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை ஊதிவிட்டார் என்று அச்சகத்தில் ஒரு கதை உலவுகிறது. கேட்டால் மறுப்பதில்லை. "பொட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒத்தைப் புள்ளியா இருந்துச்சு" என்கிறார்.

சபரிநாதனின் அச்சகத்துக்குப் பெரிய வரும்படி தினசரி நாட்காட்டியில். நல்ல நேரம், ராகு காலம், சூலம், அன்றைய நட்சத்திரம். முதல் தாளை அச்சடிக்க நல்ல நேரம் பார்த்துத்தான் மெஷினை முடுக்குவார்கள். அது நல்ல நேரத்திலும் பெல்ட் அறுந்து நிற்கும். வருடம் முழுதுக்குமான அந்தத் தாள்களின் பிலிம்களைச் சரிபார்க்கும் பொன்னுத்தங்கத்தின் லென்ஸின் கீழே, மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு சொல் வந்து நிற்கும். மூலம்.

அவர் பிறந்தது மூல நட்சத்திரம், முதல் பாதம். தகப்பனுக்கு ஆகாது என்கிறது பஞ்சாங்கம். பொன்னுத்தங்கம் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது அவருடைய தகப்பனார் சங்கையா ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் வெடிமருந்து அறையில் கருகி இறந்தார். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் அந்தச் சட்டம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. உச்சி வெயிலில் மருந்து கலக்கச் சொன்னவர் ஒருவர். பின்வாசலை லோடு பெட்டிகளால் அடைத்தவர் இன்னொருவர். இரண்டு பேருடைய பெயரும் எந்த வழக்கிலும் ஏறவில்லை. துக்கம் கேட்க வந்த உறவினர்கள் மூலையில் நின்ற சிறுமியைப் பார்த்து, "மூலத்துல பெறந்துச்சுல்ல, அதான் அப்பனை முழுங்கிருச்சு" என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் காப்பியை வாங்கிக் குடித்தார்கள்.

எவ்வளவு வசதியான வானம் பாருங்கள். எட்டாத தொலைவில் இருக்கும் ஒன்றின்மேல் பழியைப் போட்டுவிட்டால், அடுத்த தெருவில் கார் வைத்திருப்பவரிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நட்சத்திரம் வக்கீல் வைத்துக்கொள்ளாது. மானநஷ்ட வழக்குப் போடாது. அதனால்தான் ஏழைகளுடைய சாவுக்கெல்லாம் கிரகங்கள் பொறுப்பேற்கின்றன, பணக்காரர்களுடைய லாபத்துக்கு அவர்களுடைய உழைப்பு பொறுப்பேற்கிறது.

பொன்னுத்தங்கம் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லுவார். "எங்கப்பாவை எது கொன்னுச்சுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மூலத்தை ஒரு தடவை நேருக்கு நேரா பாத்து, நீ என்னலே பண்ணேன்னு கேக்கணும்னு இருந்துச்சு."

கேட்பதற்கு ஒரு வழி கிடைத்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் வானியல் பயிலரங்கு நடந்தது. நடத்தியவர் பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் இருக்கும் கீர்த்திகா, விருதுநகர் எண்ணெய் வியாபாரி வீட்டுப் பெண். மூலம் என்று சொல்லப்படுகிற, விருச்சிகத் தேளின் வால் இருக்கும் திசைக்குப் பக்கத்தில்தான் நம்முடைய பால்வெளி மண்டலத்தின் மையமே இருக்கிறது என்று அவர் படம் போட்டுக் காட்டினார். அங்கே கனத்த தூசி மேகங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்தத் தூசியில் சிக்கிக்கொள்ளும். அகச்சிவப்பு ஒளி, அடுப்பின் பக்கத்தில் நின்றால் நம் தோல் உணர்கிறதே அந்த வகை ஒளி, தூசியை ஊடுருவி வந்துவிடும். ஆனால் பூமியின் காற்று அதைப் பெரும்பாலும் மறித்துவிடும், தானும் வெப்பமாக மினுங்கும். ஆகவே தொலைநோக்கியைக் குளிரவைத்து, காற்றுக்கு மேலே விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது எடுத்து அனுப்பும் படங்களைக் கொஞ்ச காலம் கழித்து உலகத்துக்கே திறந்துவிடுகிறார்கள். யாரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், சாதி ஜாதகம் கேட்க மாட்டார்கள்.

பொன்னுத்தங்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 2004இல் எடுத்த படம் ஒன்றையும் அதே இடத்தை 2006இல் எடுத்த படம் ஒன்றையும் குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் மூலத்தின் பக்கத்து வானம்.

அச்சகத்தில் பிலிம் சுத்தம் செய்பவர் வேலுச்சாமி. ஐம்பதைத் தாண்டியவர். பிலிமில் அநாவசியமாக ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் பிளேடு முனையால் சுரண்டி எடுத்துவிடுவார். பழைய நடிகர்களின் முகப்பருக்களையும் நீக்கியவர். அவருக்குச் சந்தேகம்.

"ஏந்தாயி, நட்சத்திரம் நகருமா? தெனம் கெழக்க மொளச்சு மேக்க விழுகுதே, அதைச் சொல்லுறியா?"

"அது நாம சுத்துறதுண்ணே. ராட்டினத்துல ஒக்காந்துக்கிட்டு ஊரு சுத்துதுன்னு சொல்லுற மாதிரி. நான் சொல்லுறது, பக்கத்து நட்சத்திரத்தை விட்டுட்டு ஒண்ணு மட்டும் நகர்றது. நம்ம ஆமத்தூர் விலக்குல நின்னு பாருங்க. கிட்டக்க போற சைக்கிள் சர்ருன்னு தாண்டிரும். அங்கன தூரத்துல போற லாரி நிக்கிற மாதிரியே இருக்கும். எது வெரசா நகருதோ அது நமக்குக் கிட்டக்க இருக்குன்னு பெரும்பாலும் அர்த்தம்."

"நகந்துட்டுப் போகுது. நமக்கு என்ன?"

"நகர்றதுன்னு தெரிஞ்சா, அது என்னைப் பாத்துக்கிட்டு அங்கனயே நிக்கலைன்னு ஆகுதுல்ல."

வேலுச்சாமி பிளேடை எடுத்துக்கொண்டு தன் பிலிமுக்குத் திரும்பினார்.

வீட்டில் கணினி இல்லை. அச்சகக் கணினிகளுக்குக் காலண்டர் சீசனில் மூச்சுவிட நேரமில்லை. ஆனால் பிலிம் அடிக்கும்போது ஓரத்தில் ஒரு கைப்பிடி அகலம் வெறுமனே கழிந்துபோகும். பொன்னுத்தங்கம் சபரிநாதனிடம் போய், "அண்ணாச்சி, கழிச்சுப் போடுற ஓரத்துல எனக்கு ஒரு துண்டு வானம் அடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டார். "பிலிம் கூடுதலாக் கேக்காதுல்ல?" என்றார் சபரிநாதன். "கேக்காது." "அப்ப அடிச்சுக்க." இப்படித்தான் அம்மன்களும் முருகன்களும் ராசிபலன்களும் அடித்த அதே பிலிமின் விளிம்பில் வானம் ஏறியது. சாம்பல் நிறத்தையெல்லாம் தள்ளி, விண்மீன் கறுப்பு, வெளி வெறுமை என்று மாற்றினார். 2004இன் வானம் நீலப் பிலிமோடு வந்தது. 2006இன் வானம் சிவப்புப் பிலிமோடு வந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டியதுதான். நகராத ஆயிரக்கணக்கான விண்மீன்களே ரிஜிஸ்டர் மார்க். எந்தப் புள்ளி உட்காரவில்லையோ அது நகர்ந்த விண்மீன்.

சாப்பாட்டு வேளையில் வைத்துப் பார்த்தார். எல்லாம் உட்கார்ந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

அடுத்த துண்டு வானம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. சீசன் முழுக்க அடித்ததில் ஒன்றுகூட நகரவில்லை. கருக்கலில் பஸ்ஸில் திரும்பும்போது சுவரொட்டிகளைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததாக அவருடைய அம்மா குருவம்மாள் சொல்கிறார். குருவம்மாளும் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் திரி வெட்டுகிறவர்தான். "எம் மகளுக்கு மொகம் செத்துப் போச்சுய்யா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூலம்னு திரும்பிப் போனப்பக்கூட அவ அப்படி இல்லை."

பிறகு ஒருநாள் பிலிமைச் சாய்த்துப் பிடித்தபோது ஓரிடம் பளபளத்தது. லென்ஸை வைத்தார். பிளேடு பட்ட கீறல். அடுத்த பிலிமில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கீறல்.

"வேலுச்சாமி அண்ணே, என் வானத்துல பிளேடு வச்சீகளா?"

வேலுச்சாமி பெருமையாக நிமிர்ந்தார். "பின்ன? ஓரம்னாலும் வேலை வேலைதான தாயி. நீலத்தையும் செவப்பையும் வச்சுப் பாத்தேன். அங்கங்க ஒண்ணு ரெண்டு உக்காரல. ரெண்டுலயும் உக்காராத புள்ளி தூசிதான. சுரண்டிட்டேன். கும்புடு போட வேண்டாம், டீ வாங்கிக் குடு."

பொன்னுத்தங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்து மெஷின்மேன் காளிராஜ் தண்ணீர் கொண்டு ஓடி வந்தான். சிரித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் வேறு எந்த வானியலாளருக்கும் இந்த விபத்து நேராது. அவர் தேடிய புள்ளிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒன்றுவிடாமல், அவ்வளவு நேர்த்தியாக அழித்திருந்தார் வேலுச்சாமி.

மறுபடி பிலிம் அடித்தார்கள். இந்த முறை வேலுச்சாமியின் கையில் பிளேடுக்குப் பதில் சிவப்புப் பென்சில். "எதெல்லாம் தூசின்னு தோணுதோ அதைச் சுத்தி வட்டம் போடுங்கண்ணே. தொடக் கூடாது." போட்டார். வட்டத்துக்குள் வந்தவற்றில் பெரும்பாலானவை விண்வெளித் தொலைநோக்கியின் உணர்கருவியில் விழுந்த கோளாறுகள், ஏதோ ஒரு படத்தில் மட்டும் இருப்பவை. ஒரு வட்டத்தில் மட்டும், நீலத்தில் ஒரு புள்ளி, கடுகளவு தள்ளிச் சிவப்பில் ஒரு புள்ளி. ஒரே பருமன். பொன்னுத்தங்கம் வலது கண்ணை மூடினார். இடது கண்ணை மூடினார். "உக்காரல" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக அந்த அச்சகத்தில் யாரும் சொன்னதில்லை.

வெளிநாட்டில் ஓர் ஆய்வுக் குழுவுக்கு எழுதினார். ஒரு வரியில் பதில் வந்தது. படக் கோளாறாக இருக்கலாம், ஆர்வத்துக்கு நன்றி. கீர்த்திகாவைத் தொலைபேசியில் அழைத்துக் கொதித்தார்.

"பொன்னு, அவுக சொல்லுறது ஞாயம்தான். ரெண்டு புள்ளியை வச்சு யாரு வேணாலும் கோடு இழுக்கலாம். மூணாவது புள்ளி அந்தக் கோட்டுல வந்து ஒக்காரணும். 2008ல அதே எடத்தைத் திரும்ப எடுத்திருக்காக. அடுத்த வருசம்தான் வெளிய விடுவாக. அது வரைக்கும் பொறுத்துக்கிடணும்."

"வந்து ஒக்காரலைன்னா?"

"தூசின்னு ஒத்துக்கிடணும்."

எனக்கு இந்தப் பதில் பிடித்தது. ஜாதகம் பார்க்கிறவர் யாரும் இதுவரை சொல்லாத வாக்கியம் இது. அறிவியலுக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவில் இருக்கும் வேலி இவ்வளவுதான். தவறினால் ஒத்துக்கொள்வதாக முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது.

பொன்னுத்தங்கம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, பிலிமில் ஒரு சிறிய சிவப்பு வட்டம் வரைந்து, எல்லோருக்கும் தெரியும்படி அச்சகச் சுவரில், லீவு அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். வந்தால் உலகம் ஒத்துக்கொள்ளும். வராவிட்டால், மூலத்தோடு வம்பு வளர்த்து மூக்குடைபட்டவள் என்ற பேரோடு அதே மேசையில் குனிய வேண்டும். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது.

காளிராஜ் தினமும் கேட்பான். "என்னக்கா, ஒங்க நட்சத்திரம் கெளம்பிருச்சா? இருக்கன்குடிக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருக்கான், அதுல வருதான்னு பாருங்க."

"அது டிக்கெட் எடுக்காம வாரதுலே. ஒன்னைய மாதிரி."

சபரிநாதனும் ஒருநாள் சுவரைப் பார்த்தபடி நின்று கேட்டார். "பொன்னு, அது வரலைன்னா காலண்டர் வேலைக்கு எதும் எடஞ்சலா?"

"இல்லை அண்ணாச்சி."

"அப்ப வரட்டும்."

வந்தது. 2009இல் படத்தைத் திறந்துவிட்டார்கள். காலையில் குறுந்தகட்டோடு வந்த பொன்னுத்தங்கம், பிலிம் வெளியே வரும்வரை யாரிடமும் பேசவில்லை. அது அச்சகத்தில் பதிவான முதல் அமைதி என்கிறார்கள். சாப்பாட்டு வேளையில் யாரும் சாப்பாட்டை அவிழ்க்கவில்லை. வேலுச்சாமி சுவரிலிருந்து பிலிமைக் கிழியாமல் உரித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பொன்னுத்தங்கம் புதிய பிலிமை ஊதி அதன்மேல் வைத்தார். ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஒவ்வொரு மூலையாக உட்காரவைத்து டேப் ஒட்டினார். லென்ஸைத் திரி நூலோடு கழற்றி வேலுச்சாமியிடம் கொடுத்தார்.

"நீங்க பாருங்கண்ணே. என் கண்ணு ஆசைப்படுது."

வேலுச்சாமி குனிந்தார். நெடுநேரம் எழவில்லை. காளிராஜ் பொறுமையிழந்து, "யோவ், தூங்கிட்டீரா?" என்றான்.

"வட்டத்துக்குள்ள இருக்குலே" என்றார் வேலுச்சாமி. "நடு மையத்துல. ஆணி அடிச்ச மாதிரி."

சிவகாசியில் சந்தோஷத்தைச் சத்தமில்லாமல் கொண்டாட யாருக்கும் தெரியாது. சபரிநாதன் பக்கத்துக் கடையிலிருந்து சரவெடி வாங்கி வரச் சொல்லி நட்டநடு வெயிலில் வாசலில் கொளுத்தினார். தெருவே வந்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்டது. பொன்னுத்தங்கம் மட்டும் உள்ளே, மூன்று பிலிம்களின்மேலும் தன் முந்தானையை விரித்துப் போர்த்திக்கொண்டு நின்றார். "புகை அடங்கட்டும் அண்ணாச்சி, படிஞ்சிரும்."

கீர்த்திகாவின் ஆய்வகம் அளந்து உறுதிப்படுத்தியது. சூரியனின் எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம், மங்கலான, குளிர்ந்த சிவப்பு விண்மீன். நமக்கு அருகில், அதாவது வானியல் கணக்கில் அருகில். மூலம் என்று பெயரிட்டு மனிதர்கள் நடுங்கிய திசையில், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தீ. வந்த ஆய்வுக் கட்டுரையில் கீர்த்திகாவின் பெயருக்கு முன்னால் இரண்டு பெயர்கள். ஒன்று வேலுச்சாமி. பொன்னுத்தங்கம் சண்டை போட்டுச் சேர்த்தது. அதற்கும் முன்னால் பொன்னுத்தங்கம் சங்கையா.

அந்தப் பக்கத்தை அச்சகத்திலேயே அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். குருவம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. "இதுல ஒங்கப்பா எங்கன இருக்காரு?" என்று மட்டும் கேட்டார். மகள் விரல் வைத்துக் காட்டினார். அம்மா, திரி வெட்டிக் காய்த்துப்போன கட்டைவிரலை அந்தப் பெயரின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, "அவரைத் தின்னுருச்சுன்னு சொன்ன நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே எழுதிட்டியே" என்றார். அந்தத் தாள் இப்போது ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் இருக்கிறது. யார் போனாலும் எடுத்துக் காட்டுகிறார், விரலை எடுக்காமல்.

நாளிதழில் புகைப்படம் வந்தது. மூலம் என்று முன்பு திரும்பிப் போன மாப்பிள்ளை வீட்டார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழத்தட்டோடு வந்து இறங்கினார்கள். இந்தக் காலத்தில் நட்சத்திரத்தை யார் பார்க்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் தகப்பனாரே பேச்சைத் தொடங்கினார். குருவம்மாள் அவர்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார், குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எங்க நட்சத்திரம் நகந்துக்கிட்டே இருக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்காக. ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காது. தட்டை எடுத்துக்கிட்டுப் போங்க."

இதைச் சொல்லும்போது குருவம்மாளின் குரல், மகளுடையதைவிடப் பெரியது என்று தெரிந்துகொண்டேன்.

பொன்னுத்தங்கம் இன்னும் அச்சகத்துக்குத்தான் போகிறார். பெங்களூரில் ஆய்வு மாணவியாகச் சேர இடம் தயாராக இருக்கிறது. இந்தச் சீசனை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாகச் சபரிநாதனிடம் சொல்லியிருக்கிறார். வேலுச்சாமியின் வேலை வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. எந்தப் புள்ளியையும் கேட்காமல் சுரண்டுவதில்லை. "இது நட்சத்திரமா தாயி?" என்று ஒவ்வொன்றுக்கும் எழுந்து வருகிறார். சோப்பு உறை, தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும்.

நான் போயிருந்த அன்று அடுத்த வருடக் காலண்டரின் பிலிம் மேசையில் கிடந்தது. தேதி, கிழமை, ராகு காலம், அதன் கீழே கொட்டை எழுத்தில் மூலம். அந்தச் சொல்லின் தலைமேல் ஒரு கறுப்புப் புள்ளி. வேலுச்சாமி பிளேடை ஓங்கியவர் பாதியில் நிறுத்தி, பொன்னுத்தங்கத்தைப் பார்த்தார். அவர் வந்து குனிந்தார். வலது கண்ணை மூடினார். இடது கண்ணை மூடினார். பிறகு வேலுச்சாமியின் பிளேடைப் புறங்கையால் மெல்ல விலக்கிவிட்டு, உதட்டைக் குவித்து ஊதினார். புள்ளி பறந்துபோனது.